ஒலிக் கண்காட்சிக்குப் போகும் ரேடியோ செட்காரருக்கு

மும்பைக் கண்காட்சியிலிருந்து முதல் தடவை ஊர் திரும்பியபோது என்னிடம் இரண்டு சுமைகள் இருந்தன. ஒன்று, ஏழு கிலோ வழவழப்பான விளம்பரத் தாள். இன்னொன்று, கடைசி நாள் மாலை, "நாளைக்கு இந்த விலை கிடையாது" என்று சொன்ன ஒருவரிடம் அவசர அவசரமாக வாங்கிய தலைப்பகுதி சுழலும் மேடை விளக்கு ஒரு ஜோடி. திருநெல்வேலி ஜங்ஷனுக்கு அழைக்க வந்த தங்கை மகன் தாள் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதைப் போகிற வழியில் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுவோமா?" என்று கேட்டான். போட்டிருக்கலாம். விளக்கில் ஒன்று இரண்டாவது கோயில் கொடை விழாவிலேயே, சுடலைமாடனுக்கு ஆட்டம் உச்சத்தில் இருந்த நேரத்தில், சுற்றுவதை நிறுத்திவிட்டு அருகில் நின்ற வேப்பமரத்தை மட்டும் விடிய விடிய வெறித்துக்கொண்டிருந்தது. விற்றவருக்குப் போன் செய்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை.

அதற்குப் பிறகு நான்கு தடவை போய்வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்த சுமை குறைந்தது, பயன் கூடியது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகள் "அண்ணாச்சி, போகலாமா, போனால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். நான் ரேடியோ செட்காரர் என்று எழுதுவது மொபைல் டிஜேக்களையும் சேர்த்துத்தான். ஸ்பீக்கர் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு, அழைத்த இடத்துக்குப் போய், இறக்கி, கட்டி, பாட்டுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி ஏற்றுகிற எல்லோரும் ஒரே இனம். எங்கள் அப்பா காலத்தில் இசைத்தட்டு, இன்றைக்கு மடிக்கணினி. முதுகுவலி மாறவில்லை.

முதலில், எந்தக் கண்காட்சி?

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ், அட்லாண்டிக் சிட்டி போன்ற ஊர்களில் மொபைல் டிஜேக்களுக்கென்றே மாநாடுகள் நடந்திருக்கின்றன. நம் நாட்டில் நமக்கு வாய்ப்பது ஒலி, ஒளி, இசைக்கருவி எல்லாம் கலந்த வணிகக் கண்காட்சி. அவற்றில் பெரியது மும்பை கோரேகாவ் கிழக்கில், பாம்பே எக்ஸிபிஷன் சென்டரில் நடக்கும் பாம் (PALM) எக்ஸ்போ. அந்தப் பெயரை எங்கள் ஊர்ப் பக்கம் சொன்னால் பனங்கிழங்குக் கண்காட்சியா என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் தொழில்முறை, ஒலி, ஒளி, இசை என்ற சொற்களின் முதலெழுத்துகள்தான் அது. சினிமாக் கொட்டகைக்கு ஒலி அமைப்பவர், ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர், ஓட்டல் கட்டுபவர், கோயில் கமிட்டிக்காரர் என்று எல்லோரும் அங்கே வருவார்கள். அதில் நமக்கான பகுதி எது என்று நாம்தான் பிரித்து எடுக்க வேண்டும்.

பெரும்பாலும் மே மாதக் கடைசியில் நடக்கும். மே கடைசி என்றால் வைகாசி. வைகாசி என்றால் முகூர்த்தம். நம் தொழிலில் பாதி வருமானம் வருகிற மாதத்தில் ஊரை விட்டுப் போவதா என்ற கேள்வி நியாயமானது. நான் செய்வது இதுதான்: கண்காட்சித் தேதி அறிவித்தவுடன் பஞ்சாங்கத்தை எடுத்து அந்த வாரத்தில் முகூர்த்த நாள் எது என்று பார்ப்பேன். முகூர்த்தம் ஒரு நாள் மோதினால் அந்த வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போவேன். இரண்டு நாள் மோதினால் அந்த வருடம் போவதில்லை. முன்பணம் வாங்கிய கல்யாணத்தைக் கைகழுவிவிட்டுக் கண்காட்சிக்குப் போகிறவனை நம் பக்கம் யாரும் மறுபடி அழைக்க மாட்டார்கள்.

தொழில் தொடங்கி ஒரு வருடம் முடியாதவர்கள் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பங்குனி, சித்திரைக் கொடைகள், வைகாசி, ஆவணிக் கல்யாணங்கள், மார்கழி அதிகாலைப் பாட்டு, தசராக் குழுக்களோடு குலசேகரன்பட்டினம் வரை ஒரு பயணம் என்று ஒரு சுற்று முடித்தவனுக்குத்தான் தன் செட்டில் என்ன குறை என்று தெரியும். அது தெரியாமல் போனால் அங்கே இருப்பதெல்லாம் நமக்குத் தேவை என்று தோன்றும்.

குறை நோட்டு

போவதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டை வேனில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும், பெட்டி ஏற்றும் முன், அன்றைக்கு எது சரியாக வரவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் மறந்துவிடும். என் நோட்டிலிருந்து சில பக்கங்கள்:

வள்ளியூர்ப் பக்கம் ஒரு மண்டபம். தகரக் கூரை, கிரானைட் தரை, பக்கச் சுவரெல்லாம் டைல்ஸ். நாதஸ்வரம் பரவாயில்லை, ஆனால் மைக்கில் யார் பேசினாலும் முதல் ஐந்து வரிசைக்குப் பின்னால் ஒரு சொல்லும் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசம். பந்தி தொடங்கிவிட்டது என்று மூன்று தடவை அறிவித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

களக்காட்டுப் பக்கம் ஒரு கொடை. ஜெனரேட்டரில் சீரியல் செட் அலங்கார விளக்குகளும் நம் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக ஓடியது. கோபுர விளக்கைப் போட்ட ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் 230லிருந்து 190க்குச் சரிந்தது. ஒலி மிக்ஸர் இரண்டு தடவை அணைந்து எழுந்தது.

வில்லுப்பாட்டு. இதற்கு மட்டும் நான்கு பக்கம் இருக்கிறது. தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லில் அடித்துக்கொண்டே பாடுகிறார். வில்லில் மணிகள். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம். பாடுகிறவருக்கு வைத்த மைக்கில் மணியோசைதான் அதிகம் ஏறுகிறது. குடத்துக்குத் தனி மைக் வைத்தால் அதன் அடித்தொனி பேஸ் பெட்டியில் போய் உறுமி, ஊளையிடுகிறது. கதை கேட்க உட்கார்ந்திருக்கும் பாட்டிமார், "ஏலே, அந்த 'பூம்'மை நிறுத்து" என்று கத்துகிறார்கள்.

இப்படி எழுதி வந்தால் மூன்று மாதத்தில் இருபது, முப்பது குறை சேரும். கிளம்பும் முன் அவற்றைப் படித்து, திரும்பத் திரும்ப வருகிற ஐந்தை மட்டும் ஒரு அட்டையில் எழுதி சட்டைப் பையில் வையுங்கள். கண்காட்சியில் அந்த அட்டைதான் உங்களுக்கு வழிகாட்டி. கூடவே அந்த மண்டபத்தின் நீளம், அகலம், உயரம், கைப்பேசியில் நாலைந்து படம். "எதிரொலி வருகிறது" என்று சொன்னால் விற்பவர் தன்னிடம் இருப்பதைக் காட்டுவார். "நூறடி நீளம், அறுபதடி அகலம், தகரக் கூரை, இதோ படம்" என்று சொன்னால் அவர் உட்கார்ந்து யோசிப்பார்.

டிக்கெட், தங்கும் இடம், அல்வா

மே மாதம் பள்ளி விடுமுறை. ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. அந்தக் காலையை விட்டுவிடாதீர்கள். நாகர்கோவிலிலிருந்து மும்பை போகும் வண்டிகள் திருநெல்வேலி வழியாகச் செல்கின்றன. திருநெல்வேலியிலிருந்தே தாதருக்கு ஒரு வண்டி இருக்கிறது. இவை தினசரி வண்டிகள் இல்லை என்பதால், எந்தக் கிழமை ஏறினால் கண்காட்சிக்கு முந்தைய நாள் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை நாளுக்குக் குறையாத பயணம். தூங்கி எழுந்த முகத்தோடு நேராக அரங்குக்குப் போனால் முதல் நாள் வீண்.

தங்குவதற்கு நம் ஆட்களுக்குக் கவலை குறைவு. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பெரியப்பா மகனோ, ஊர்க்காரரின் மைத்துனரோ யாராவது அகப்படுவார். யாரும் இல்லையென்றால் மாட்டுங்கா, தாதர் பக்கம் அறை எடுத்தால் காலையில் இட்லிக்கும் பஞ்சமில்லை. அங்கிருந்து மேற்கு வழி லோக்கல் ரயிலில் கோரேகாவ். தாராவியிலிருந்து போகிறவர்கள் மாகிமில் ஏறலாம். விரார் போகும் விரைவு வண்டிகள் கோரேகாவில் நிற்காமல் பறந்துவிடும். பலகையைப் பார்த்து ஏறுங்கள். காலையில் பெருங்கூட்டம் தெற்கே சர்ச்கேட் பக்கம் போகும். நீங்கள் வடக்கே போகிறீர்கள் என்பதால் நெரிசல் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

கண்காட்சியின் இணையதளத்தில் முன்கூட்டியே பெயர் பதிந்துவிடுங்கள். வாசலில் பதிகிற வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். ஆதார் அட்டை, நூறு விசிட்டிங் கார்டு, ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் நகல். கார்டில் பெயர் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலும் அடித்துக்கொள்ளுங்கள். பழகிய செருப்பையே போடுங்கள். அரங்கத் தரை கான்கிரீட், நாள் முழுக்க நடை.

இன்னொன்று: கால் கிலோ அல்வாப் பொட்டலம் பத்து. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெய் நன்றாக விட்டுக் கிண்டியது நாலைந்து நாள் கெடாது. உங்களுக்காக அரை மணி நேரம் செலவழித்து, வாங்காவிட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்ன ஒரு பொறியாளரிடம் கிளம்பும்போது அதைக் கொடுங்கள். அடுத்த வருடம் அவர் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார். நம்மை விடவும் நன்றாக அல்வா கொடுக்கத் தெரிந்தவர்கள் அந்த அரங்கிலேயே இருக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முதல் நாள் எதையும் கேட்காதீர்கள்

முதல் நாள் காலை வெறுங்கையோடு சுற்றுங்கள். எந்த ஸ்டாலிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். துண்டறிக்கை வாங்காதீர்கள், வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரங்க வரைபடத்தில் உங்கள் ஐந்து குறைக்கும் யார் யாரிடம் பேசலாம் என்று பேனாவால் குறியிடுங்கள். இந்தச் சுற்று முடிய மதியம் ஆகிவிடும்.

காதுக்குப் பஞ்சு வைக்கச் சொன்னால் தம்பிகள் சிரிக்கிறார்கள். பஞ்சு போதாது, சத்தத்தைக் குறைக்கும் காதடைப்பான் வாங்குங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலாளர் நலத்துக்கான ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியே கணக்குப் போட்டால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். கண்காட்சியின் டிஜே பகுதியில் 100 டெசிபல் என்பது சாதாரணம். காலை பத்து மணிக்கே காது மரத்துப்போனால், பிற்பகலில் எந்தப் பெட்டி நன்றாகப் பாடுகிறது என்று எதை வைத்துத் தீர்மானிப்பீர்கள்?

பெட்டியைக் கேட்கும் முறை

இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

ஸ்டாலில் அவர்கள் போடும் பாட்டு அந்தப் பெட்டிக்கு அழகு சேர்ப்பதற்கென்றே தேர்ந்தெடுத்தது. சுத்தமான பதிவு, ஆழமான பேஸ், பளிச்சென்ற மேல்தொனி. எந்தப் பெட்டியிலும் அது நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். அதில் ஐந்து பதிவு போதும். நீங்களே பதிந்த நாதஸ்வரம், தவில் மூன்று நிமிடம். ஒரு பழைய மோனோ சினிமாப் பாட்டு, கீறல் சத்தத்தோடு. ஒரு புதுக் குத்துப் பாட்டு. வில்லுப்பாட்டில் ஒரு துண்டு. கடைசியாக, உங்கள் சொந்தக் குரலில் ஓர் அறிவிப்பு.

என் அறிவிப்பு இது: "மணமகள் வீட்டார் கவனத்திற்கு, மாடியில் முதல் பந்தி தொடங்கிவிட்டது, பெரியவர்களை முதலில் அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்." மூன்றாம் முறை போனபோது ஒரு பெரிய ஸ்டாலில் இதைப் போடச் சொன்னேன். அங்கே நின்ற பையன் சிரித்தான். போட்டான். அது வரைக்கும் மார்பை அதிரவைத்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டியில் என் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. "பந்தி" என்பது "பம்மி" என்று கேட்டது. பையனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவன் முகமும் மாறியது. உள்ளே போய் ஒரு பொறியாளரை அழைத்துவந்தான். அவர் இரண்டு குமிழைத் திருகி, கீழ்த்தொனியைக் குறைத்து, மறுபடி போட்டார். குரல் தெளிந்தது. பேச்சில் சொற்களைப் பிரித்துக் காட்டுவது மெய்யெழுத்துகள். அவை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. அடித்தொனி பெருகினால் அவற்றை மூடிவிடும். வள்ளியூர் மண்டபத்தில் நான் சத்தத்தைக் கூட்டியபோது நடந்ததும் அதுதான். பைசாச் செலவில்லாமல் ஒரு குறை தீர்ந்தது.

பாட்டைப் போட்டதும் பெட்டிக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டில் போங்கள், நாற்பத்தைந்து பாகைக் கோணத்தில் நின்று கேளுங்கள். நம் மண்டபங்களில் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பின்னால் போங்கள். பின்பக்கம் பேஸ் எவ்வளவு கசிகிறது என்று தெரியும். மேடையில் மைக் ஊளையிடுவதற்கு அது ஒரு காரணம். அதன் பிறகு சத்தத்தை மிகக் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். பெருஞ்சத்தத்தில் மறைகிற குறை அடங்கிய சத்தத்தில் வெளியே வரும்.

வாட் கணக்கில் மயங்காதீர்கள். பெட்டியின் மேல் 2,000 வாட் என்று போட்டிருந்தால் அது உச்ச அளவா, தொடர்ந்து தாங்கும் அளவா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவு. ஒரு பெட்டியின் உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு அது தரும் சத்தம், 97 டெசிபல், இன்னொன்றுக்கு 100 என்றால், இரண்டாவது பெட்டி பாதி வாட்டில் அதே சத்தத்தைக் கொடுக்கும். ஜெனரேட்டரில் ஓடுகிற நமக்கு அது டீசல் காசு.

கேட்க வேண்டிய வேறு கேள்விகள்

வெயில். நம் ஊரில் சித்திரையில் நாற்பது டிகிரி. திறந்த வேனிலும் தகரப் பந்தலுக்குக் கீழேயும் பெட்டி காய்கிறது. எந்த வெப்பநிலையில் ஆம்ப்ளிஃபயர் தானாக அணைந்துகொள்ளும் என்று கேளுங்கள். திசையன்விளைப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் தேரிமணலைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தச் செம்மண் தூசி மின்விசிறி வழியாக உள்ளே போய் படிந்துவிடும், வடிகட்டியைக் கழற்றிக் கழுவ முடியுமா என்று பாருங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் என்றால் உப்புக்காற்று.

எடை. இரண்டு பேர் தூக்க முடியாத பெட்டி நமக்கு வேண்டாம். ஸ்டாலில் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். தூக்குங்கள்.

பழுது. இதுதான் முக்கியம். "சர்வீஸ் சென்டர் எங்கே?" என்று கேட்டால் "இந்தியா முழுதும்" என்பார்கள். "திருநெல்வேலிக்கு அருகில் எங்கே?" என்று கேளுங்கள். மதுரை என்றால் நல்லது. சென்னை என்றால் பார்சல் செலவும் பதினைந்து நாளும் கணக்கில் சேருங்கள். ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் (காயில்) போனால் நம் ஊரிலேயே கட்டிக்கொள்ள முடியுமா, அல்லது அந்த நிறுவனத்தின் உதிரிபாகம்தான் போட வேண்டுமா? அந்த உதிரிபாகத்தின் விலை என்ன? விலையைச் சொல்லத் தயங்குகிற ஸ்டாலில் நான் அதற்கு மேல் நிற்பதில்லை.

இந்தி தெரியாது என்று பயப்பட வேண்டாம். பெரிய நிறுவனங்களின் ஸ்டாலில் "தெற்கிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேட்டால் சென்னையோ கோயம்புத்தூரோ ஒருவர் வருவார். இல்லையென்றால் அட்டையில் எழுதிய கேள்வியும் மண்டபத்தின் படமும் பாதி வேலையைச் செய்யும்.

என் வில்லுப்பாட்டுக் குறையும் இப்படித்தான் தீர்ந்தது. ஒரு மைக் ஸ்டாலில் வில்லுப்பாட்டு என்றால் என்ன என்று விளக்க நாற்காலியில் உட்கார்ந்து, என் குடையை வில்லாக மடியில் வைத்து, பேனாவால் அடித்துக் காட்டினேன். சுற்றி பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கேரளத்திலிருந்து வந்த ஒரு செண்டமேள ஒலிக்காரர்தான் வழி சொன்னார். அண்ணாவிக்குத் தலையில் மாட்டும் மைக்கை வாயோரமாக வை, மணிக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கட்டும். குடத்தின் வாயருகே மைக்கை வைக்காதே, பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி வை. அந்தத் தடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. அடுத்த கொடையில் செய்து பார்த்தேன். பாட்டிமார் சும்மா இருந்தார்கள். நம் ஊரில் அதுதான் பாராட்டு.

வகுப்புகள்

ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் உட்காராதீர்கள். புதுப் பொருளை விற்பதற்காக நடத்தும் வகுப்பு, பாடம் நடத்தும் வகுப்பு என்று இரண்டு வகை உண்டு. பேசுகிறவர் எந்த நிறுவனத்துக்காரர் என்று பார்த்தால் தெரிந்துவிடும். திறந்தவெளியில் பெட்டி வைக்கும் முறை பற்றிய வகுப்பு இருந்தால் விடாதீர்கள். மைதானத்தின் பின்பாதிக்கு இரண்டாவது ஜோடிப் பெட்டி வைக்கிறோமே, அங்கே சொல் இரட்டையாகக் கேட்கிறதே, ஏன்? நம் ஊர் வெயிலில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. முன்பெட்டியின் சத்தம் 35 மீட்டர் தாண்டி வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். பின்பெட்டியோ உடனே பேசிவிடும். பின்பெட்டியை அதே 100 மில்லிநொடி தாமதப்படுத்தினால் இரண்டும் ஒன்றாகச் சேரும். உங்கள் மிக்ஸரில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கக்கூடும்.

சட்டம் பற்றிய வகுப்பில் தூங்கிவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் இரவு 12 வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. நள்ளிரவுச் சாமியாட்டத்துக்கு ஒலி அமைக்கிற நமக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே எத்தனை தகராறு! அனுமதிக் கடிதத்தை விழாக் குழுவின் பெயரில், எழுத்தில் வாங்குவது எப்படி என்று மற்ற மாநிலத்துக்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். பாட்டுக்கு உரிமம் வேண்டுமா என்பது இன்னொரு தலைவலி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவு சமயச் சடங்குகளுக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. ஓட்டலில் நடக்கும் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கும் நிறுவன விழாவுக்கும் அந்த விலக்கு கிடையாது. அந்த வேலைகளை ஒப்புக்கொள்ளும் முன் உரிமத் தொகை யார் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள்.

வாங்குவது

கண்காட்சியில் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கடைசி நாள் மாலையில் வாங்காதீர்கள் என்று சொல்வேன். காட்சிக்கு வைத்த பொருளைத் திருப்பி எடுத்துப்போகும் செலவுக்குப் பயந்து விலை குறைப்பார்கள்; மூன்று நாள் முழுச் சத்தத்தில் ஓடிய பெட்டி அது என்பதையும் யோசியுங்கள். சென்னை ரிச்சி தெருவிலும், நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையிலும் அதன் விலையைப் போனில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். என் அனுபவத்தில் லாரி வாடகையும் சேர்த்தால் வித்தியாசம் பெரிதாக இருப்பதில்லை. வாங்கினால் ஜிஎஸ்டி ரசீது, வரிசை எண் எழுதிய உத்தரவாத அட்டை இரண்டும் கையில் வந்த பிறகே பணம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டி வர இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். அதை யார் போடுவது என்று அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

என் பழைய விளக்கு ஜோடியின் ரசீது ஒரு வெள்ளைத் தாள். அதில் ஒரு தொகையும், "நன்றி" என்ற சொல்லும் மட்டும் இருந்தன.

டீக்கடை

அரங்குக்கு வெளியே டீ விற்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஆந்திரக்காரர், மராத்திக்காரர், குஜராத்தி, எல்லோரும் நம்மைப்போல முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முன்பணம் எத்தனை சதவீதம் வாங்குகிறீர்கள், மழை வந்து விழா நின்றால் என்ன செய்வீர்கள், குடித்துவிட்டு மேடையேறி மைக்கைப் பிடுங்குகிறவரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேளுங்கள். ஸ்டாலில் இதற்கெல்லாம் பதில் கிடையாது. மகாராஷ்டிரத்துக்காரர் ஒருவரிடம்தான் எழுத்தில் ஒப்பந்தம் போடும் பழக்கத்தைக் கற்றேன். ஒரே பக்கம், பத்து வரி. நேரம் தாண்டினால் மணிக்கு இவ்வளவு என்பது ஆறாவது வரி. அந்த ஒரு வரி, போய்வந்த டிக்கெட் செலவை இரண்டு மாதத்தில் கொடுத்துவிட்டது.

ஒருமுறை அங்கே என் தோளைத் தொட்டவர் எங்கள் தாலுகாவிலேயே எனக்குப் போட்டியாக இருப்பவர். பதினைந்து வருடம் ஒரே ஊர்களில் தொழில் செய்தோம். நான் எட்டாயிரம் என்றால் அவர் ஏழாயிரம் என்பார், அவர் ஆறு என்றால் நான் ஐந்தரை. நேருக்கு நேர் பேசியதில்லை. 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், அந்த டீக்கடையில் தமிழ் பேச வேறு ஆள் இல்லாததால் பேசினோம். திரும்பும் வண்டியிலும் ஒரே பெட்டி. சோலாப்பூர் தாண்டும்போது அவர் தன் குறை நோட்டை எடுத்தார். அவரும் வைத்திருந்தார்! அவரிடம் நல்ல ஜெனரேட்டர், என்னிடம் நல்ல மைக்குகள். இப்போது ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வேலை வந்தால் மாற்றிக் கொடுத்துக்கொள்கிறோம். விலையை ஏழாயிரத்துக்குக் கீழே இருவரும் இறக்குவதில்லை.

ஊர் வந்த பிறகு

வாங்கிய விசிட்டிங் கார்டுகளின் பின்னால், யார், எதற்கு, என்ன சொன்னார் என்று ரயிலிலேயே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் எல்லா முகமும் ஒன்றாகிவிடும். கற்றதை எல்லாம் ஒரே விழாவில் சோதிக்க வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரு மாற்றம். அதுவும் உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் முதலில். பத்து நாளுக்குள் இரண்டு மூன்று பேருக்குப் போன் செய்து, நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன், இப்படி வந்தது என்று சொல்லுங்கள். பொருள் கேட்காமல் போன் செய்கிற ஆளை அவர்கள் மறப்பதில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது. கொடை இல்லாத கிழமையில் பெட்டிகளைத் திறந்து தூசி தட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கெட்டதைத் தனியே வையுங்கள். என் வேனில் அந்த விளக்கு ஜோடி இன்னமும் ஒரு மூலையில் கிடக்கிறது. ஒன்று நன்றாகவே வேலை செய்கிறது. வேப்பமரம் இருக்கும் கோயில் என்றால் மற்றதையும் கொண்டுபோகிறேன்.